நாலரை அங்குலச் சுவருக்கு அப்பால்: அடுக்ககத்தில் அடுத்த வீட்டு விவகாரத்தைக் கையாளும் முறை

எங்கள் கட்டடம் சென்னை நங்கநல்லூரில் இருக்கிறது. நான்கு மாடி, 24 வீடு, ஒரு லிஃப்ட், இரண்டு போர், மழை பெய்தால் மட்டும் நினைவுக்கு வரும் ஒரு கிணறு. பதினோரு ஆண்டுகளாக நான்தான் சங்கச் செயலாளர். திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்துக்கு அன்று தாமதமாகப் போனேன். போவதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள். தண்ணீர் லாரி, மோட்டார், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், இதற்குத்தான் செயலாளர் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் வீட்டு மணி அடித்தால், பாதி நேரம் அது தண்ணீர் விஷயமாக இருப்பதில்லை.

அதற்கு முன் எனக்கு வேறு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1978-இல் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வெளியூர் எண்ணை நாமே நேரடியாகச் சுழற்றும் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் பரவாத காலம். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண கால், அர்ஜென்ட் கால், அதையும் முந்த வேண்டுமென்றால் லைட்னிங் கால். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்றால் பி.பி. கால். காதலர்கள் எப்போதும் பி.பி. காலைத்தான் கேட்பார்கள், பெண்ணின் அப்பா எடுத்துவிடக் கூடாதல்லவா? இணைப்புக் கொடுத்து, இருவர் குரலும் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்ததும், இணைப்புப் பலகையின் விசையைத் தள்ளிவிட்டு லைனிலிருந்து விலகிவிட வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் மறுபடி உள்ளே போய் "நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு விநாடியில் காதில் விழுந்தது எதுவும் வாய்க்கு வரக் கூடாது. அடுக்குமாடியில் வாழ்வதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் அந்தப் பயிற்சி இருந்தும் நான் ஒரு முறை தவறினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கீழே வரும் மாடி எண்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். எங்கள் கட்டடத்தார் கணக்குப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சத்தம் கேட்கும்போது

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான சுவர் நாலரை அங்குலம். கட்டியவர் மிச்சம் பிடித்த செங்கல் அது. தும்மினால் அந்தப் பக்கத்தில் "நூறாயுசு" என்பார்கள். ஆகவே சண்டைச் சத்தம் கேட்பதைத் தவிர்க்க முடியாது. எந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்வது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு குரலும் மாறி மாறி உயர்ந்தால் அது சண்டை. தொலைக்காட்சி ஒலியைக் கூட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நடுவே மாமியார் பெயர் வந்தால் இன்னும் நல்லது, அரை மணியில் முடிந்துவிடும். ஒரே குரல் மட்டும் தொடர்ந்துகொண்டே இருக்க, மற்றது அடங்கிப்போய், இடையில் நாற்காலி இழுபடும் ஓசையோ கதவு அறைபடும் ஓசையோ வந்தால் எழுந்துகொள்ளுங்கள். அதைவிட மோசம், சத்தம் நடுவிலேயே அறுந்ததுபோல் நிற்பது.

அப்படி ஓர் இரவு, பத்தேகால் மணி இருக்கும். நான் ஒரு சிறிய டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மணியை அழுத்தினேன். உள்ளே காலடி ஓசை வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அந்தப் பெண்தான் திறந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடியிருந்தாள். "பால் காய்ச்சி வைத்துவிட்டேன், உறைக்கு மோர் இல்லையம்மா, ஒரு கரண்டி இருக்குமா?" என்றேன். அவள் என் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். கணவன் கூடத்தில் நின்றபடி செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான், திரை அணைந்திருந்தது. நான் வாசற்படியைத் தாண்டி ஓர் அடி வைத்து நின்றுகொண்டு, மறுநாள் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் கொண்டுவந்த டம்ளரில் மோர் விளிம்புவரை இருந்தது, கை நடுக்கத்தில் பாதி என் விரல் மேல் வழிந்தது. "இன்றைக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது, விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்" என்று இருவர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. "என்ன சத்தம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் அவளுக்கு அடி விழும். சாக்கு சிறியதாகவும் பதில் தேவைப்படுவதாகவும் இருக்கட்டும். உறைமோர், தீப்பெட்டி, மோட்டார் ஸ்விட்ச் எது என்ற சந்தேகம். இருவரையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டு ஆண்பிள்ளையை அனுப்பி அவனுக்குப் புத்தி சொல்ல வைக்காதீர்கள். "ஊரைக் கூட்டிவிட்டாயா" என்ற கேள்வி அவள் தலையில்தான் இறங்கும்.

மறுநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது அவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்தேன். பால் கணக்கு அட்டையின் பின்பக்கம் கிழித்தது. அதில் 181 என்று மட்டும் எழுதியிருந்தேன். பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. அவள் ஒன்றும் பேசாமல் வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அழைப்பதற்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் "இன்னும் ஏன் பொறுத்துக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்காமல் இருந்ததுதான் நான் செய்த உருப்படியான உதவி என்று பிறகு அவளே சொன்னாள்.

அவள் அழைக்க முடியாத நிலை என்றால் நீங்கள் அழைக்கலாம். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசனையே வேண்டாம், அவசர உதவி எண் 112. குழந்தை அடிபட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. அனைத்து மகளிர் காவல் நிலையம் என்ற ஏற்பாடே 1992-இல் இதே சென்னையில், ஆயிரம் விளக்கில்தான் தொடங்கியது. உங்கள் பகுதிக்கு எது என்று இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரவில் தேட நேரம் இருக்காது.

மொட்டைமாடியில் பார்த்தது

இப்போது என் தவறு. 2014, ஏப்ரல். வடாம் காயப்போட்டதை எடுக்கச் சாயங்காலம் மேலே போனேன். சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் இரண்டாம் மாடிப் பெண்ணும் நான்காம் மாடிப் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஒரு செய்தித்தாள் துண்டு, அதில் கீறிய மாங்காய், மிளகாய்த்தூள், உப்பு. கை கூடப் பிடித்திருக்கவில்லை. அந்தப் பெண் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் வடாத்தை அள்ளிக்கொண்டு நேரே இரண்டாம் மாடியில் இறங்கி, அவள் அம்மாவிடம் "நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்று தொடங்கினேன். இந்த வாக்கியம் உங்கள் வாயில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பின் வருவது எதுவும் நல்லதுக்காக இருப்பதில்லை.

பத்து நாளில் பெண்ணை வேலூரில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி செமஸ்டர் தேர்வு போயிற்று. பெட்டியோடு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தவள் என்னைப் பார்த்து, கோபம் கூட இல்லாமல், "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஆன்ட்டி" என்றாள். எத்தனை ஆயிரம் பேரின் அந்தரங்கம் என் காதைக் கடந்து போயிருக்கிறது. ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. மொட்டைமாடிக்கு ஹெட்போன் இல்லாமல் போனதால் தொழில் மறந்துவிட்டது போலிருக்கிறது.

ஆகவே, முதல் கேள்வி வயது. இருவருக்கும் 18 ஆகிவிட்டதென்றால் நீங்கள் பார்த்தது ஒன்றுமில்லை. ஆகவில்லை என்றால் கதை வேறு. அப்போதும் முதலில் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். பிறகு பெற்றவர்களிடம் மட்டும், நிதானமாக. மாடிப்படியில் வைத்து அல்ல.

பெற்றவர்கள் உங்களிடம் வருவார்கள். செயலாளர் என்றால் கட்டாயம் வருவார்கள், சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லி. இதற்கு எங்கள் சங்கத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: திருட்டு, விபத்து, சேதம் தவிர வேறெதற்கும் பதிவு திறக்கப்படாது, காவல்துறை கேட்டால் எழுத்தில் கேட்க வேண்டும். விதி இருந்தால் தாட்சண்யத்திலிருந்து தப்பிக்கலாம். "நான் காட்டமாட்டேன்" என்பதற்கும் "சங்கம் அனுமதிக்காது" என்பதற்கும் உறவில் ஐந்து வருட வித்தியாசம் இருக்கிறது. இன்றே தீர்மானம் போட்டுவிடுங்கள், விவகாரம் வந்த பிறகு போட முடியாது.

சோபாவில் உட்கார்ந்து அழும் அம்மாவுக்குக் காபி கொடுங்கள், பேச விடுங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று மட்டும் கேளுங்கள். "அவர்கள் வேறு ஆட்கள்" என்பார். சாதியைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிடாதீர்கள். அந்த ஓர் ஆட்டலை அவர் வீட்டுக்குப் போய் "செயலாளர் அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்" என்று மாற்றிவிடுவார்.

அந்த இளசுகளே உங்களிடம் வந்தால், தூது போகாதீர்கள், வீட்டைச் சந்திப்பு இடமாக்கவும் விடாதீர்கள். சட்டத்தை மட்டும் சரியாகச் சொல்லி அனுப்புங்கள். திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணம் முடிப்பதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அது அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டப்படும். ரகசியமாக இருக்கும் என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இருவரும் இந்துக்கள் என்றால், அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் இருக்கிறது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், புரோகிதர் வேண்டியதில்லை. எந்த வழியானாலும் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். மிரட்டல் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். சாதி மாறி மணப்பவர்களைத் துன்புறுத்துவது பற்றிய புகார்களுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மூன்று சாட்சிகள் வேண்டும். நான் ஒரு முறை போய்க் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணின் அப்பா இன்றும் லிஃப்ட்டில் என்னைப் பார்த்தால் படியேறிப் போகிறார். மூட்டு வலிக்காரர், பாவம்.

சங்கக் கூட்டத்தில்

மூன்றாம் மாடியில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வாடகைக்கு வந்தார்கள். திருமணம் ஆகவில்லை என்று ஒரு மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் மூன்று வீட்டுக்காரர்கள் தனித்தனியாகக் கேட்டார்கள். அவர் மூவருக்கும் சொல்லிவிட்டு, மூவரும் கேட்டதை மூன்றாம் மாடியிலும் சொல்லிவிட்டார். நியாயம்தானே?

ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, வீட்டில் வசிக்காத எதிர்பாலினத்தவர் இரவு பத்து மணிக்கு மேல் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து, "தை மாதம் மதுரையிலிருந்து என் தம்பி வந்து நான்கு நாள் தங்குவான். அவனைப் பத்து மணிக்குமேல் எங்கே அனுப்பட்டும்? உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா?" என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் தீர்மானம் செத்தது என்று அர்த்தம். கோபப்பட்டுச் சட்டம் பேசியிருந்தால் நிறைவேறியிருக்கும்.

சட்டம் தெரிந்திருப்பதும் நல்லதுதான், கையிருப்பாக. வயது வந்த இருவர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவையும் 2018-இல் நீக்கிவிட்டது. அது விவாகரத்துக்குக் காரணமாகலாம், சங்கத்தின் நிகழ்ச்சி நிரலுக்குக் காரணமாகாது. ஒன்று மிக முக்கியம்: யாருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றியும் கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் மறந்துபோகும். குறிப்பேட்டை அடுத்த செயலாளர் படிப்பார்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "சிலர்" என்ற சொல்லை மட்டும் அங்கே பயன்படுத்தாதீர்கள். "சிலர் கட்டடத்தின் மானத்தை வாங்குகிறார்கள்" என்று ஒருவர் போட்டால், 24 வீட்டில் பதினைந்து வீடு அது தங்களைத்தான் என்று எடுத்துக்கொள்கிறது.

பிரிந்தவர்கள் ஒரே கட்டடத்தில்

இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்த விவகாரம். முதல் மாடிக் கணவன் மனைவி பிரிந்தார்கள். மகள் அப்பாவையும் விட வேண்டாம், பள்ளியையும் மாற்ற வேண்டாம் என்பதற்காக அவர் நான்காம் மாடியில் காலியாக இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார். சம்மதத்தின் பேரில் விவாகரத்து என்றால் மனுப் போடும் முன் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, ஒன்றரை ஆண்டுபோல அந்த வீடு இரண்டு மாடியில் நடந்தது.

ஞாயிறு காலையில் அந்த எட்டு வயதுப் பெண் மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கில் இட்லி மாவை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறுவாள். ஒரு கையால் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு மறு கையால் நான்காம் எண்ணை எட்டி அழுத்துவாள். மாவு பொங்கி மூடி விளிம்பில் வழிந்து அவள் சட்டையில் ஒட்டியிருக்கும். அம்மா அரைத்த மாவு, அப்பாவுக்குப் போகிறது. இதைப் பார்த்த ஒரு பெண்மணி லிஃப்ட்டிலேயே அவளிடம், "அம்மாதான் கொடுத்து அனுப்பினார்களா? அப்படியானால் சேர்ந்துவிடுவார்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த வாரத்திலிருந்து குழந்தை படியில் ஏற ஆரம்பித்தாள். மூன்று மாடி, கையில் மாவுத் தூக்கு.

குழந்தையிடம் எதையும் கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா" என்பதும் அந்த வீட்டுச் சூழலில் ஒரு விசாரணைதான். "வழுக்குகிறது, பார்த்துப் போ" என்பது போதும். பெரியவர்கள் இருவரில் யார் பக்கம் நீங்கள் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். கொலுவுக்கு அழைத்தால் முதல் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் தனித்தனியாகப் போய்ச் சொல்லுங்கள், "அங்கே சொல்லிவிட்டேன்" என்று முடிக்காமல். பராமரிப்புக் கட்டண ரசீதையும் இருவருக்கும் தனியே போடுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் பழைய வீட்டு ரசீது தன் பெயரில் வந்த அன்று அந்த அப்பா என் வாசலில் வந்து பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

உங்களுக்கே வந்தால்

அடுத்த வீட்டில் உள்ளவர்மேல் உங்களுக்கே விருப்பம் வந்தால், கட்டடத்துக்கு வெளியே வைத்து, ஒரே ஒரு முறை, நேராகக் கேளுங்கள். லிஃப்ட்டில் கேட்காதீர்கள், கதவு திறக்கும்வரை அவரால் தப்ப முடியாது. மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு நடைப்பயிற்சி நேரத்தையும் வண்டி நிறுத்தும் வழியையும் மாற்றிக்கொள்ள வேண்டியவர் கேட்டவர்தான், மறுத்தவர் அல்ல. பெண் விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் தொடர்ந்து பின்னால் போவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். தொல்லை கொடுப்பவன் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அந்தப் பெண்ணை "பெரிதுபடுத்தாதே" என்று சமாதானம் செய்யும் வேலையைச் செயலாளர்கள் செய்யக் கூடாது. நான் செய்ததில்லை.

வயதானவர்கள் விஷயத்தில் இதெல்லாம் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்களைப் பற்றிக் கேட்பது பிள்ளைகள். என் கணவர் போய் ஆறு ஆண்டாகிறது. முதல் மாடியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவரும் தனி. மாலை ஆறு மணிக்குக் கீழே வாசல் திண்ணையில் இருவரும் உட்கார்ந்து அன்றைய குறுக்கெழுத்தைப் போடுவோம். இடமிருந்து வலம் அவருக்கு, மேலிருந்து கீழ் எனக்கு. போன ஆவணியில் புனேவிலிருந்து அவர் மகள் எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுத்தான் அழைக்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. தண்ணீர், லிஃப்ட், மழை எல்லாம் விசாரித்துவிட்டு, "அப்பாவும் நீங்களும்..." என்று இழுத்தாள்.

"அப்பாவிடமே கேளம்மா, அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்" என்றேன்.